நேரம் வாங்கும் மருத்துவம்

வேலூரை ஒட்டியிருக்கிறது கணியம்பாடி ஒன்றியம். ஒரு லட்சத்துக்குச் சற்று அதிகமான மக்கள்தொகை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் சமுதாய நலத் துறை இங்கே நிகழும் ஒவ்வொரு பிறப்பையும் இறப்பையும் பல பத்தாண்டுகளாகக் குறித்துவைத்து வருகிறது. ஊரோடு புழங்கும் சுகாதாரப் பணியாளர் வீடுவீடாகப் போய்வருவார். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அது எப்படி நேர்ந்தது என்பது காவல் நிலையத்தை எட்டுவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். அவர் கொண்டுவந்த தகவலைச் செவிலியர் சரிபார்ப்பார், பிறகு மருத்துவர் பார்ப்பார். பிணக்கூறாய்வு செய்யாமல், வீட்டாரிடம் பேசியே சாவின் காரணத்தைக் கண்டறியும் இந்த முறைக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். திண்ணையில் உட்காரும் பொறுமை போதும்.

அந்தப் பதிவேட்டில் 1992 முதல் 2001 வரையிலான பக்கங்களிலிருந்து 10 வயது முதல் 19 வயது வரை உள்ளவர்களின் சாவுகளை மட்டும் பிரித்தெடுத்தார்கள். 2004இல் ‘லான்செட்’ இதழில் முடிவு வந்தது. ஆண்டுக்கு ஒரு லட்சம் பெண் பிள்ளைகளில் 148 பேர், ஆண் பிள்ளைகளில் 58 பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். அந்த வயதுப் பையன்களின் சாவுகளில் ஏறக்குறைய கால் பங்கும், பெண்களின் சாவுகளில் பாதி முதல் முக்கால் பங்கு வரையும் தற்கொலை. பெண் பிள்ளைகளிடம் காய்ச்சல், பிரசவம், விபத்து, பாம்புக்கடி என்று மற்ற எல்லாக் காரணங்களையும் கூட்டினாலும் இதைத் தாண்டவில்லை. அதே காலத்தில் எல்லா வயதினருக்கும் சேர்த்து அரசுப் பதிவேடு நாடு முழுமைக்கும் காட்டிய சராசரி லட்சத்துக்குப் பத்து, பதினொன்று.

எண்ணிக்கையில் இவ்வளவு இடைவெளி எங்கிருந்து வந்தது? தமிழ் நாளிதழ் படிப்பவர்களுக்கு ஒரு வரி மனப்பாடமாகியிருக்கும்: தீராத வயிற்றுவலியால் அவதிப்பட்டுவந்த மாணவி. படித்ததும் உதட்டைப் பிதுக்குகிறோம். வேறு ஏதோ விவகாரம், மூடி மறைக்கிறார்கள் என்று முடிவுகட்டுகிறோம். மறைக்கவும் செய்திருப்பார்கள். போலீஸ் விசாரணை, பிணக்கூறாய்வு, அடுத்துக் கல்யாணத்துக்கு நிற்கும் தங்கை என்று மறைப்பதற்குக் காரணங்களுக்கா பஞ்சம்? தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரையே குற்றவாளியாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தால் பல்லிழந்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் அந்தப் பிரிவே இல்லை. ஆனால் சட்டம் போன வேகத்தில் பயம் போய்விடவில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அந்த வயிற்றுவலி மெய்யாகவே இருந்திருக்கலாம். பதின்வயதில் மனச்சோர்வு கண்ணீரோடுதான் வரும் என்றில்லை. வயிற்றுவலியாக, தலைவலியாக, காலையில் எழுந்திருக்க முடியாத அசதியாக வருவது சாதாரணம். கணியம்பாடியில் தற்கொலையால் இறந்த 100 பேரின் வாழ்க்கையை விசாரித்து 2010இல் வெளியான ஆய்வு, அபாயத்தைக் கூட்டியவையாகக் குறிப்பிட்டவற்றில் இரண்டு: ஓயாத நெருக்கடி, நாள்பட்ட வலி. வயிற்றுவலி என்று வரும் பெண் பிள்ளைக்கு ஸ்கேன் எடுத்து, ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிடும் மருத்துவர், தூக்கம் எப்படி என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் நோய் அங்கேயே பிடிபட்டிருக்கலாம்.

அதே 2010 ஆய்வில் இன்னொரு எண் உண்டு. இறந்தவர்களில் 37 சதவீதம் பேருக்குத்தான் மனநோய் என்று வரையறுக்கத்தக்க ஏதோ ஒன்று இருந்தது. அதிலும் மதுவுக்கு அடிமையானவர்களே அதிகம். கடுமையான மனச்சோர்வு மிகச் சிலருக்குத்தான். ஆனால் 1999இல் சென்னையில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் ராஜ்குமாரும் அதே போல 100 பேரை ஆராய்ந்தபோது கிடைத்த எண் 88. ஒரே மாநிலம், ஏறக்குறைய ஒரே முறை, விடையில் பாதிக்குப் பாதி வேறுபாடு. எது சரி என்று மனநல மருத்துவர்களுக்குள் வாதம் ஓயவில்லை. இரண்டுமே சரியாக இருக்க முடியும் என்பது என் கட்சி. ஒரு பாதையில், நோய் மாதக்கணக்கில் ஒருவரை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போகிறது. மற்றொன்றில், நோய் என்று சொல்ல எதுவும் இல்லாதவர் ஒரு சாயங்கால நேரத்துக் கோபத்திலோ அவமானத்திலோ தவிக்கும்போது, உயிரைப் பறிக்கக்கூடிய பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்துவிடுகிறது. கிராமத்தில் இந்த இரண்டாம் பாதை அகலமானது. மனநிலைக் கோளாறு உள்ள பதின்வயதுப் பிள்ளை நிற்பது இரண்டு பாதையும் கூடும் இடத்தில். நோயும் இருக்கிறது, அந்த வயதுக்கே உரிய அவசரமும் இருக்கிறது. அதனால்தான் ‘அம்மா திட்டியதால்’, ‘செல்போன் வாங்கித் தராததால்’ என்ற தலைப்புச் செய்திகள் என்னை எரிச்சல்படுத்துகின்றன. திட்டு வாங்காத பிள்ளை தமிழ்நாட்டில் எங்கே இருக்கிறது? ஒற்றைக் காரணத்தைத் தலைப்பில் போடாதீர்கள், விதத்தை விவரிக்காதீர்கள் என்று இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் 2019இலேயே சொல்லிவிட்டது. நம் நாளிதழ்களின் காதில் அது ஏறியதாகத் தெரியவில்லை.

இனி மலையேறுவோம். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. அங்கிருந்து இன்னும் உள்ளே போனால் நாகலூர். காப்பித் தோட்டங்கள், மரங்களைச் சுற்றி ஏறிய மிளகுக் கொடிகள், மலையாளிப் பழங்குடியினரின் ஊர்கள். அங்கே பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி இருப்பதாக வைத்துக்கொள்வோம். இவள் என் கற்பனைதான். ஆனால் இவளுக்கு நேர்வது எதுவும் கற்பனை இல்லை.

பத்தாம் வகுப்பு படிக்கிறாள். ஒரு மாதமாக விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்புத் தட்டிவிடுகிறது. பள்ளிக்கூடம் போகச் சொன்னால் எரிந்துவிழுகிறாள், தம்பியை அடிக்கிறாள். கூடவே திரிந்த சிநேகிதியிடம் பேச்சில்லை. சோற்றைப் பிசைந்துவிட்டுத் தட்டை நகர்த்திவிடுகிறாள். “எதுவும் புடிக்கலம்மா” என்பதைத் தவிர அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை. அப்பாவைக் கேட்டால் கொழுப்பு என்பார். பாட்டியைக் கேட்டால் காத்துக் கருப்பு பட்டிருக்கும், மந்திரிக்கணும் என்பாள். பள்ளிக்கூடத்தில் வயசுக் கோளாறு என்பார்கள். மருத்துவம் வேறு விதமாகக் கணக்குப் போடுகிறது. பெரியவர்களின் மனச்சோர்வுக்குத் துயரம் முதல் அடையாளம். பதின்வயதினருக்கு அந்த இடத்தில் எரிச்சல் இருந்தாலே போதும் என்று நோயறி கையேடுகள் தனியாக எழுதிவைத்திருக்கின்றன. இப்படி இரண்டு வாரம் நீடித்து, தூக்கமும் பசியும் படிப்பும் கெட்டால் அது குணக்கேடு அல்ல, நோய். வாழ்நாள் மனநோய்களில் பாதி 14 வயதுக்குள் தலைகாட்டிவிடுகின்றன என்று அமெரிக்காவில் 2005இல் வந்த பெரிய கணக்கெடுப்பு ஒன்று சொன்னது. பாட்டி மந்திரிக்கட்டும், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. திருநீறு பூசிய நெற்றியோடும் ஆஸ்பத்திரிக்குப் போகலாம்.

மருத்துவர் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி வீட்டாரைப் பற்றியது. குடும்பத்தில் யாராவது சில வாரம் தூக்கமே இல்லாமல், களைப்பும் இல்லாமல், ஊரெல்லாம் கடன் வாங்கி வியாபாரம் தொடங்குகிறேன் என்று அலைந்துவிட்டு, பிறகு மாதக்கணக்கில் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்ததுண்டா? ஒரு சித்தப்பா அப்படி இருந்தார் என்றால் சிகிச்சையின் போக்கே மாறும். இருமுனைக் கோளாறு பலருக்குப் பதின்வயதின் பின்பாதியில் மனச்சோர்வு வேடத்தில்தான் முதலில் வருகிறது. எழுச்சி முனை பிறகுதான் தெரியும். அது தெரியாமல் மனச்சோர்வு மருந்தை மட்டும் கொடுத்தால் சிலர் மறுமுனைக்குத் தூக்கி எறியப்படுவார்கள். இரண்டு முனையும் ஒரே நேரத்தில் கலந்து வரும் நிலையும் உண்டு. மனம் முழுக்க விரக்தி, உடம்பு முழுக்கத் துடிப்பு. மனச்சோர்வின் அடியாழத்தில் எழுந்து நடக்கவே தெம்பில்லாதவரைவிட இந்தக் கலப்பு நிலையில் இருப்பவருக்கு ஆபத்து அதிகம். தேறிவரும் முதல் வாரங்களும் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய முதல் வாரங்களும் அப்படித்தான். இப்போதுதான் பரவாயில்லையே என்று வீட்டார் மூச்சுவிடும் நேரத்தில் காவல் தளர்ந்துவிடக் கூடாது.

நாகலூர்ப் பெண்ணின் அம்மாவுக்கு வருவோம். மகள் ஒருநாள், “நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதிதானே” என்கிறாள். அம்மா என்ன செய்வாள்? வாயைக் கழுவு என்று அதட்டுவாள், அல்லது காதில் விழாதது போல அடுப்பைப் பார்ப்பாள். பேச்செடுத்தால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம் படித்தவர்களுக்கும் உண்டு. இந்தப் பயத்தைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். நியூயார்க் மாநிலத்தின் ஆறு பள்ளிகளில் 2,342 மாணவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியிடம் தற்கொலை எண்ணம் பற்றி நேரடியாகக் கேட்டார்கள், மறு பாதியிடம் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், கேட்கப்பட்டவர்களிடம் கலக்கமோ எண்ணமோ கூடியிருக்கவில்லை. மனச்சோர்வு இருந்தவர்களிடம் சற்றுக் குறைந்தே இருந்தது. 2005இல் மேடலின் கூல்டு குழுவினர் வெளியிட்ட இந்த முடிவைப் பிறகு வந்த ஆய்வுகளும் அசைக்கவில்லை. ஆகவே கேட்கலாம். சுற்றி வளைக்காமல், “உசுரோட இருக்கவே வேண்டாம்னு தோணுதா கண்ணு?” என்று கேட்கலாம். ஆமாம் என்றால் திட்டாமல், சத்தியம் வாங்காமல், எப்போதிருந்து என்று கேட்டு, முழுவதையும் சொல்ல விட்டு, அன்று தனியே விடாமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

அடுத்த பாதி மலையிறங்க வேண்டிய வேலை. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்குப் போய்வருவதென்றால் தோட்டக் கூலி வேலை செய்யும் வீட்டுக்கு ஒருநாள் சம்பளம் போச்சு. கூட வருபவருக்கும் போச்சு. மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் நாட்டின் நான்கு மாவட்டங்களில் தொடங்கியபோது அவற்றில் ஒன்று திருச்சி. இன்று அது தமிழ்நாடு முழுக்க இருக்கிறது. ஆனாலும் பேச்சு சிகிச்சை என்பது வாராவாரம் போக வேண்டியது. மருந்து என்றால் அதற்கும் தனிக் கதை உண்டு.

மனச்சோர்வு மருந்து பிள்ளைகளுக்குத் தற்கொலை எண்ணத்தை உண்டாக்கும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 2004இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 24 சோதனைகளில் கலந்துகொண்ட சுமார் 4,400 சிறுவர் சிறுமியரின் விவரத்தைச் சேர்த்துப் பார்த்தது. போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 2 சதவீதம் பேரிடமும் நிஜ மருந்து சாப்பிட்டவர்களில் 4 சதவீதம் பேரிடமும் அத்தகைய எண்ணமோ செயலோ தென்பட்டது. ஒருவர்கூட இறக்கவில்லை. ஆனாலும் மருந்தின் விவரக் குறிப்பில் கறுப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை அச்சிட உத்தரவாயிற்று. அதே ஆண்டில், 439 பதின்வயதினரிடம் நடந்த இன்னொரு பெரிய சோதனை, ஃபுளூஆக்சிடின் என்ற மனச்சோர்வு மருந்தையும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை என்ற பேச்சு சிகிச்சையையும் சேர்த்துக் கொடுத்தபோதுதான் நோய் அதிகம் தணிந்தது என்று காட்டியது. எச்சரிக்கையைப் படித்துவிட்டு மருந்தைத் தூக்கி எறிவது அபாயம், திடீரென்று நிறுத்துவதும் அபாயம். எச்சரிக்கை சொல்வது, முதல் சில வாரம் பிள்ளையின் மேல் கண் வைத்திருங்கள், நிலைகொள்ளாத தவிப்பும் தூக்கமின்மையும் கூடினால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள் என்பதைத்தான். இருமுனைக் கோளாறுக்கான லித்தியத்தை ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேடு 1949இல் கண்டுசொன்னார். பெரியவர்களிடம் நடந்த சோதனைகளில் தற்கொலைச் சாவைக் குறைத்த சான்று இதற்கு உண்டு. விலை மலிவு. ஆனால் ரத்தத்தில் அதன் அளவு குறைந்தால் பயனில்லை, சற்றுக் கூடினால் நஞ்சு. ஆகவே ஆரம்பத்தில் அடிக்கடியும் பிறகு சில மாதத்துக்கு ஒரு முறையும் ரத்தப் பரிசோதனை. ஒவ்வொரு பரிசோதனைக்கும் இருபது வளைவு இறங்கி ஏற வேண்டும். மருந்து கிடைக்காததால் நின்றுபோகும் சிகிச்சையைவிட, பஸ் கூலியால் நின்றுபோகும் சிகிச்சை நம் மலைகளில் அதிகம் என்பது என் ஊகம்.

நோய் தணிய வாரங்கள் ஆகும், சிலருக்கு மாதங்கள். ஆபத்தான கணமோ மிகச் சிறியது. ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் நகரில், முயன்று பிழைத்தவர்களிடம், எண்ணம் எழுந்ததற்கும் முயற்சிக்கும் இடையே எவ்வளவு நேரம் இருந்தது என்று கேட்டார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் சொன்னது பத்து நிமிடம் அல்லது அதற்கும் குறைவு. மூளையின் நிதானப் பகுதி இருபது வயது தாண்டியும் முதிர்ந்துகொண்டே இருக்கும் என்பதால் இளையவர்களிடம் இந்த அவசரம் இன்னும் அதிகம் என்று சொல்வார்கள். எல்லாவற்றையும் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் ஒரு மடலின் தலையில் கட்டுவதில் எனக்கு முழு உடன்பாடில்லை. ஆனாலும் தடுப்புக்கான வழி இந்த எண்ணிலிருந்துதான் தொடங்குகிறது. அந்தக் கணத்தைக் கடத்திவிட்டால் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள். பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பிற்பாடு தற்கொலையால் இறப்பதில்லை.

இலங்கையைப் பாருங்கள். 1995இல் அங்கே ஒரு லட்சம் பேருக்கு 47 தற்கொலைச் சாவுகள், உலகிலேயே மிக அதிகமான விகிதங்களில் ஒன்று. போர் நடந்துகொண்டிருந்தது, வறுமை இருந்தது, மனநல மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான். அரசு செய்ததில் முக்கியமானது இதுதான்: மிகக் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்தது. இருபது ஆண்டில் விகிதம் 70 சதவீதம் சரிந்தது. தப்பிய உயிர்கள் சுமார் 93,000 என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். யாருடைய துயரத்தையும் அந்த அரசாணைகள் தீர்க்கவில்லை. விளைச்சலும் குறையவில்லை.

கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில் லட்சுமி விஜயகுமார் குழுவினர் செய்தது இன்னும் எளியது. இரண்டு கிராமங்களில் பொது இடத்தில் ஒரு கட்டடம், உள்ளே பூட்டுள்ள பெட்டிகள். விவசாயிகள் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் அங்கே வைத்து, தேவைப்படும்போது எடுத்துப் போனார்கள். கட்டடம் இல்லாத ஒப்பீட்டுக் கிராமங்களைவிட இங்கே சாவும் முயற்சியும் அதிகம் குறைந்தன என்று 2013இல் எழுதினார்கள். காப்பித் தோட்ட வேலைக்கான மருந்தும் பல வீடுகளில் பரணிலோ மாட்டுத் தொழுவத்திலோதான் இருக்கிறது. மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுக்கும் பிள்ளை உள்ள வீட்டில் முதல் நாளே செய்ய வேண்டியது, அதைப் பூட்டுவதும் வீட்டை விட்டு அப்புறப்படுத்துவதும். பிள்ளையின் மாத்திரைகளையும் அம்மா தன் கையில் வைத்துக்கொண்டு அன்றன்றைக்குக் கொடுக்கலாம். நம்பிக்கை இல்லையா என்று பிள்ளை கோபிக்கும். கோபிக்கட்டும்.

தமிழ்நாடு வாங்கிக்கொடுத்த இன்னொரு நேரம் பள்ளித் தேர்வில். முன்பெல்லாம் பிளஸ் டூவில் தவறினால் ஓராண்டு போச்சு, கூடப் படித்தவர்கள் கல்லூரிக்குப் போய்விடுவார்கள். 1986இல் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சினேகா அமைப்பு உள்ளிட்டவர்கள் வலியுறுத்தியதை அடுத்து, முடிவு வந்த சில வாரத்திலேயே துணைத் தேர்வு எழுதி அதே ஆண்டு கல்லூரியில் சேரும் வழி வந்தது. 2017இல் முதலிடம், இரண்டாமிடம் என்று பட்டியல் வெளியிடுவதையும் பள்ளிக் கல்வித் துறை நிறுத்தியது. நாட்டில் 2022இல் தற்கொலையால் இறந்த 1,70,924 பேரில் 13,044 பேர் மாணவர்கள் என்கிறது தேசியக் குற்றப் பதிவேடு. இதில் தேர்வு ஒரு பங்குதான். ஆனால் ஓர் அரசாணையால் மாற்றக்கூடிய பங்கு.

ஏற்காட்டு மலையில் பழங்குடி உண்டு உறைவிடப் பள்ளிகளும் இருக்கின்றன, வெளியூர்ப் பிள்ளைகள் வந்து தங்கிப் படிக்கும் பழைய கான்வென்டுகளும் இருக்கின்றன. விடுதிப் பிள்ளையின் துயரம் முதலில் தெரிவது பக்கத்துக் கட்டில்காரருக்கு. பத்து ஐரோப்பிய நாடுகளின் 168 பள்ளிகளில் மூன்று வழிகளைச் சோதித்து 2015இல் முடிவு சொன்னார்கள். ஆசிரியருக்குப் பயிற்சி, நிபுணர்கள் நடத்தும் சல்லடைச் சோதனை என்ற இரண்டும் பெரிதாக உதவவில்லை. மாணவர்களே சில மணி நேரம் நடித்தும் பேசியும் மனநலம் பற்றிக் கற்ற பள்ளிகளில், ஓராண்டில் புதிதாக முயன்றவர்கள் 0.70 சதவீதம், எதுவும் செய்யாத பள்ளிகளில் 1.51. இதை அப்படியே நம் விடுதிகளில் செய்துபார்ப்பதற்குத் தேவை ஒரு வகுப்பறையும் மாதத்தில் நான்கு பிற்பகலும்.

கடைசியாக, எனக்கு மிகவும் பிடித்த சோதனை. உலகச் சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் நடத்தியது. சென்னையும் கொழும்பும் அதில் உண்டு. முயன்று பிழைத்து அவசரப் பிரிவுக்கு வந்த 1,867 பேர், எல்லா வயதினரும். ஒரு பாதிக்கு வழக்கமான கவனிப்பு. மறு பாதிக்கு, வீடு திரும்பும் முன் ஒரு மணி நேரப் பேச்சு, அதன் பின் ஒன்பது முறை போனோ நேரில் ஒரு எட்டோ. எப்படி இருக்கிறீர்கள், ஏதாவது உதவி வேண்டுமா, அவ்வளவுதான். பதினெட்டு மாத முடிவில் வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். ஒன்பது முறை விசாரிக்கப்பட்டவர்களில் 0.2. புது மருந்து ஒன்று இந்த அளவு வேலை செய்திருந்தால் அதன் பங்கு விலை எங்கோ போயிருக்கும்.

நாகலூருக்கு இதைக் கொண்டுவருவது கடினமில்லை. நம் பெண் சேலத்திலிருந்து வீடு திரும்பினால், கிராமச் சுகாதாரச் செவிலியரின் நோட்டில் அவள் பெயருக்கு எதிரே அந்த ஆய்வின் அட்டவணையை எழுதிக்கொள்ளலாம்: 1, 2, 4, 7, 11ஆம் வாரங்கள், 4, 6, 12, 18ஆம் மாதங்கள். இடையில் ஏதாவது ஓர் இரவு பொறுக்க முடியாததாக வந்தால், 14416 என்ற எண்ணை எந்நேரமும் கட்டணமில்லாமல் அழைக்கலாம். 2022இல் தொடங்கிய டெலிமானஸ் அது, தமிழிலேயே பேசுவார்கள். அரசின் 104 என்ற சுகாதார உதவி எண்ணும் உண்டு. சினேகாவின் எண் 044-24640050. இந்த மூன்றையும் அம்மாவின் செல்போனிலும், மறக்காமல் அவளுடைய சிநேகிதியின் செல்போனிலும் பதிந்துவைக்க வேண்டும்.